ஆறாவது மேசை வரைக்கும்

— பேசக் கூடாதுன்னா எதுக்கு மாமா என் கார்ல ஏறினீங்க? பஸ்லயே வந்திருக்கலாமே.

— நான் எங்க ஏறினேன்? உங்க அக்கா தள்ளிவிட்டா. வந்து விழுந்தேன்.

— தள்ளத்தான் செய்வேன். என் வீட்டுக்காரரும் என் தங்கச்சியும் ஒரே கம்பெனி. ஆனா ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கறதில்ல. நடுவுல நான் என்ன தபால்காரியா? அப்பா அங்க ஒரு கண்ணுல பஞ்சு வச்சுக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கார். மிச்சம் இருக்கற ஒரு கண்ணால உங்க ரெண்டு பேர் சண்டையைத்தான் பாக்கணுமா? போய்ச் சேர்றதுக்குள்ள பேசி முடிங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்றேன்.

— நான் பேச ரெடிதான் அக்கா. மாமாதான் வாயைத் திறந்தா மேடம் மேடம்ங்கறார்.

— தலைமை ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஆபீசர் அம்மாவை வேற எப்படிக் கூப்பிடறதுங்க, மேடம்?

— பாத்தியா? பாத்தியா?

— என்னங்க, அந்த மேடத்தைக் கொஞ்சம் இறக்கி வைங்க. பின் சீட்ல இடம் இருக்கு, இப்படிக் குடுங்க. வீடு போற வரைக்கும் நான் மடியில வச்சுக்கறேன்.

— சரி. எடுத்துக்க. முன்னாடி ஏதாவது நகருதா, பாப்பா?

— எங்க நகருது? பாலத்து மேல லாரி ஏதோ படுத்துருச்சாம். எல்லாவனும் ஹாரன் அடிக்கறான். அடிச்சா லாரி எந்திரிச்சு நடக்கும்னு நெனப்பு.

— அப்ப இந்த சீட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கறேன். காலை நீட்டணும்.

— ஏண்டி, நானே கேக்கணும்னு இருந்தேன். பட்டறையில உன் புது முறை வந்ததுல இருந்து இவர் பாதம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கி வருது. வந்ததும் வராததுமா வெந்நீர் வாளிக்குள்ள காலை விடறார். நான் வேலை பாக்கறது மருந்துக்கடை கவுண்டர்ல. இவர் தேய்க்கற தேய்ப்புக்கு வலி மருந்து ட்யூபை நானே கடையில வச்சு விக்க முடியல, வீட்டுக்குத்தான் கொண்டு வரேன்.

— அதுக்குத்தானே அக்கா மேசைக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன்? உயரம் ஏத்தலாம், இறக்கலாம், சுத்தலாம். எங்க முதலாளி, அந்தப் பெரியவர்கிட்ட எவ்வளவு மல்லுக்கட்டி வாங்கினேன் தெரியுமா?

— ஸ்டூலுக்கு என்ன, அருமையான ஸ்டூல். எங்க சாப்பாட்டுப் பையெல்லாம் அதுமேலதான் இருக்கு.

— பை எதுக்கு உக்காரணும்? நீங்க உக்காருங்களேன்!

— நாங்க உக்காந்துட்டா வேலையை யார் பாக்கறது?

— கேட்டியா அக்கா? இந்தக் குத்தல்தான். புது முறை வந்த நாள்ல இருந்து எனக்கு இதேதான் கிடைக்குது. நேரா ஒரு பதில் கிடையாது.

— நேராத்தானே சொன்னேன்?

— இருங்க இருங்க. எனக்கு ஒண்ணும் புரியல. துணி துவைக்கற மெஷின் ரிப்பேருக்கு வருது, பட்டறையில பாக்கறீங்க. இதுல பழைய முறை என்ன, புது முறை என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. தலைவலி மாத்திரை எத்தனை வேளைன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லுவேனே, அந்த மாதிரி.

— நான் சொல்றேன். பழைய முறையில ஒரு மெஷின் வந்தா ஒரு மெக்கானிக் எடுத்துக்குவார். திறக்கறது, மோட்டார் பாக்கறது, பம்ப், ஒயர், மூடறது, தண்ணி விட்டு ஓட்டிப் பாக்கறது எல்லாம் அவரே. கை பழகினவங்க நல்ல மெஷினா பொறுக்கிக்குவாங்க. துருப்பிடிச்சதும் எலி கடிச்சதும் மூலையில கிடக்கும். அதுக்குச் சொந்தக்காரங்க வீட்டுல கையால துவைச்சுத் துவைச்சு, அந்தக் கோபத்துல போன்ல எங்களையும் துவைப்பாங்க.

— நான் ஒரு நாளும் பொறுக்கினதில்ல.

— மாமா! மூடியைத் தூக்கி மோந்து பாத்தே எது நல்ல மெஷின்னு சொல்லுவீங்க. பட்டறைக்கே தெரியும்.

— அது வந்து... மூக்கு இருக்கு, மோந்தேன்.

— நல்லா இருக்கு. வீட்டுல பால் தீஞ்சா மட்டும் அந்த மூக்கு வேலை செய்யறதில்ல. சரி, புது முறை?

— புது முறையில ஆறு மேசை. மேசைக்கு ஒரு வேலை. மெஷின் டிராலியில ஏறி முதல் மேசையில இருந்து ஆறாவது மேசை வரைக்கும் வரிசையாப் போகும். எந்த மெஷினும் மூலையில கிடக்காது. நல்லது கெட்டது பொறுக்க முடியாது. வந்த வரிசையில வெளிய போகும். சிம்பிள்.

— கேக்க நல்லாத்தானே இருக்கு?

— நல்லாத்தான் இருக்கு. நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்?

— சொல்லலியே! அதுதானே எனக்கு எரிச்சல்! வேண்டாம்னு ஒருத்தராவது எந்திரிச்சுச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டினீங்க. "சரிங்க மேடம், சரிங்க மேடம்"னீங்க. பிஸ்கட் சாப்பிட்டீங்க. அப்புறம் போய் உங்க இஷ்டத்துக்கு நடந்துக்கறீங்க.

— எங்க இஷ்டமா? எங்க இஷ்டப்படி ஏதாவது நடக்குதா அங்க? பாப்பா, நான் ஒண்ணு கேக்கறேன். பழைய முறையில சாயங்காலம் எத்தனை மெஷின் வெளிய போச்சு, இப்ப எத்தனை போகுது?

— பாதிதான் போகுது! அதைத்தான் நானும் கேக்கறேன்! ஏன் பாதி?

— ஏன்னா கடைசி மேசையில ஒருத்தன் தண்ணி விட்டு ஓட்டிக்கிட்டு இருந்தா பின்னாடி நாங்க எல்லாரும் டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கணும். இதோ இந்த லாரிக்குப் பின்னாடி நிக்கறோமே, இப்படித்தான். அவன் முடிச்சு நகந்தாத்தான் நாங்க நகர முடியும்.

— சும்மா ஏன் நிக்கறீங்க? அவங்கவங்க வேலையைப் பாக்க வேண்டியதுதானே?

— அவங்கவங்க வேலையைத்தான் பாக்கறோம்.

— முடியல அக்கா. சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? மௌன எதிர்ப்பு. எனக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு கம்பெனி மாறும்போது மனுஷங்க மூணு விதமா எதிர்ப்பாங்க. ஒண்ணு, வாயால. ரெண்டாவது, லீவு போட்டு. மூணாவது, சரி சரின்னு தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள ஒண்ணும் செய்யாம இருக்கறது. மூணாவதுதான் ரொம்ப மோசம்.

— அப்ப சரின்னு சொன்னா எதிர்ப்பு?

— ஆமா.

— முடியாதுன்னு சொன்னா?

— அதுவும் எதிர்ப்புதான்.

— கொட்டாவி விட்டா?

— மாமா!

— இல்ல, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நம்ம மூத்த மெக்கானிக் ஒருத்தர் மத்தியானம் ஆனா நிறுத்தாம விடுவார். அவரைப் பத்தி எழுதிடாத, நல்ல மனுஷன்.

— சிரிக்காதீங்க. நான் எத்தனை சுற்றறிக்கை அனுப்பியிருக்கேன்? ஒண்ணுக்காவது மரியாதை இருந்துச்சா?

— ஏன் இல்ல? எல்லாத்தையும் எங்க மேனேஜர், அந்தக் கண்ணாடிக்காரர், டீ நேரத்துல எங்களை நிக்க வச்சுப் படிச்சார். முதல் கடுதாசில "பட்டறையில் ஒழுங்கு இல்லை"ன்னு எழுதியிருந்த. எல்லாரும் சட்டையை உள்ள விட்டோம். ரேடியோவை அணைச்சோம்.

— நான் ரேடியோவைப் பத்தி எங்க எழுதினேன்?

— வேற எந்த ஒழுங்கு எங்ககிட்ட இல்ல? நாங்களும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தோம். ரேடியோதான் அகப்பட்டுச்சு. அடுத்த கடுதாசில "மனநிலை மாற வேண்டும்"னு இருந்துச்சு. அதுக்கு எதை உள்ள விடறதுன்னு தெரியல. அந்த மூத்த மெக்கானிக் மீசையை எடுத்துட்டு வந்தார். அவர் வீட்டுல ரெண்டு நாள் அடையாளம் தெரியலையாம்.

— ஐயோ, அந்தப் பெரிய மீசையா? அவர் முகத்துல இருந்ததே அது ஒண்ணுதானேங்க!

— சிரிக்காத அக்கா. நீயும் சேந்து சிரிக்காத. மூணாவது சுற்றறிக்கையில தெளிவா எழுதினேன். பெரிய எழுத்துல. "பயிற்சி நாளில் செய்து காட்டியபடியே செய்யவும். ஒரு இம்மிகூட மாற்றக் கூடாது." சுவத்துல ஒட்டச் சொன்னேன்.

— ஒட்டியிருக்கு. ஆறு மேசைக்கும் நேர் மேல ஒட்டியிருக்கு.

— ஒட்டி என்ன பிரயோஜனம்? அதுக்கு அப்புறமும் அதே கூத்துதானே?

— எந்தக் கூத்து?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க மாமா. எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

— எனக்கும்தான் எரியுது, கால்ல இருந்து ஆரம்பிச்சு. நீ சொன்னதெல்லாம் செய்யறோம், நீ சொல்லாததையும் செய்யறோம், அப்புறமும் உன்கிட்ட இருந்து வர்றது ஏச்சுதான். ஒரு நாளாவது பட்டறைக்கு வந்து எங்களை நேர்ல பாத்தியா? கடுதாசியா அனுப்பற. முன்னாடியெல்லாம் மத்தியானத்துல ஓடி வந்து என் டப்பாவுல இருந்து பாதியைப் புடுங்கித் தின்ன பொண்ணுதானே நீ?

— வந்திருப்பேன் மாமா. வந்தா, அக்கா புருஷன் இருக்கற இடம், சலுகை காட்டறான்னு தலைமை ஆபீஸ்ல பேசுவாங்க. ஏற்கனவே பேசறாங்க. அதனாலதான் எட்டியே நின்னேன். உங்களுக்கு நல்லதுன்னுதான் நின்னேன்.

— எட்டி நின்னா தெரியுமா என்ன நடக்குதுன்னு?

— தெரிஞ்சுது. கேமராவுல தெரிஞ்சுது. போன வாரம் பெரியவர் அவர் ரூம்ல கேமராவைப் போட்டுப் பாத்தார். என்னையும் கூப்பிட்டு நிக்க வச்சார். பாத்ததும் மனுஷன் முகம் கறுத்துப்போச்சு.

— என்ன பாத்தார் அப்படி?

— திரும்பவும் கேக்கறீங்க பாருங்க.

— ஏண்டி, அவர்தான் கேக்கறார்ல, என்ன பாத்தார்னு சொல்லிட்டுப் போயேன். எனக்காவது தெரியட்டும்.

— நீ இதுல வராத அக்கா. அவருக்குத் தெரியும். பட்டறையில எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் செய்யறாங்க.

— இரு, போன் அடிக்குது. அப்பாதான். ஹலோ... வந்துட்டே இருக்கோம்ப்பா... பாலத்துக்கிட்ட... ஆமா, ரெண்டு பேரும் கார்லதான் இருக்காங்க... பேசிட்டாங்க, பேசிட்டாங்க, நல்லாப் பேசறாங்க, காது வலிக்கற அளவுக்குப் பேசறாங்க... கண்ணைத் தொடாதீங்க... அரிச்சாலும் தொடாதீங்க... நர்ஸ்கிட்ட சண்டை போடாதீங்கப்பா, அவங்க உங்க மகள் இல்ல, திருப்பித் திட்டுவாங்க... வச்சிடறேன். கிளம்பறதுக்கு ரெடியா சட்டையெல்லாம் மாட்டிட்டு உக்காந்திருக்காராம். ஏண்டி, கார் ஓட்டும்போது கண்ணைத் துடைக்கற?

— ஒண்ணும் இல்ல.

— கார்தான் நிக்குதே, துடைச்சா துடைக்கட்டும். என்ன பாப்பா?

— மாமா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வச்சிருந்தேன். பட்டறையையே மூடிட்டு ரிப்பேரை வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் பெரியவர் முதல்ல முடிவு பண்ணினார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டார். நான்தான் போய்க் கெஞ்சினேன். ஒரு வாய்ப்பு குடுங்க, வேலை செய்யற முறையை மாத்திக் காட்டறேன், ஆளை மாத்த வேண்டாம்னு. அந்த ஆறு மேசை கம்பெனி யோசனை இல்ல. என் யோசனை. உங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பாம இருக்கறதுக்காக நான் ராத்திரி பகலா உக்காந்து போட்ட படம் அது.

— இதை ஏன் முன்னாடியே எங்ககிட்ட சொல்லல?

— சொன்னா பயந்துடுவீங்கன்னு.

— பயந்திருந்தா நல்லாத்தானே இருந்திருக்கும்? எதுக்கு ஓடறோம்னு தெரிஞ்சு ஓடியிருப்போம்ல?

— சரி, ஆனது ஆச்சு. இப்ப நாளைக் காலையில பெரியவர் பட்டறைக்கு நேர்ல வர்றார். பயிற்சி குடுக்கறதுக்கு நாங்க பிடிச்ச ஆலோசனைக் கம்பெனியில இருந்து அந்த டை கட்டின தம்பியும் வர்றான். வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கார்.

— என்ன?

— ஒரு பேர்.

— என்ன பேர்?

— இது தானா நடக்காது, எவனோ ஒருத்தன் தூண்டிவிட்டுத்தான் எல்லாரும் சேந்து இப்படிச் செய்யறாங்க, அந்த ஆள் யாருன்னு சொல்லுங்கறார். அந்த ஒருத்தரை வெளிய அனுப்பிட்டா மத்தவங்க தானா வழிக்கு வந்துடுவாங்க, பட்டறை இருக்கும். பேர் குடுக்கலேன்னா நாளைக்கே பூட்டு.

— ஐயோ கடவுளே. இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் கார் ஓட்டின?

— வேற என்ன செய்யட்டும் அக்கா? மாமா, நான் உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். யார் அது? உங்களுக்குத் தெரியாம அந்தப் பட்டறையில ஒரு ஆணி கீழ விழாது. அந்த ஒரு பேரைச் சொல்லுங்க.

— கூட வேலை பாக்கறவனைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?

— மத்தவங்க சோத்தைக் காப்பாத்தச் சொல்றேன்.

— ஒருத்தன் சோத்துல மண்ணைப் போட்டா?

— என்னங்க, சொல்லிடுங்களேன். யாரா இருந்தாலும் அவன் பண்ணினதுக்கு அவன் அனுபவிக்கட்டும்.

— சரி. பேர்தானே வேணும்? என் பேரை எழுதிக் குடு.

— ...நெனச்சேன்.

— என்னங்க சொல்றீங்க?

— நெனச்சேன் அக்கா. கேமராவுல வரிசைக்கு முன்னாடி இவர்தான் இருந்தார். பாத்த அன்னிக்கே நெனச்சேன். இவரா இருக்கக் கூடாது, இவரா இருக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு நாளும் வேண்டிக்கிட்டேன். அதனாலதான் மாமா உங்க மூஞ்சில முழிக்கல. கோபம் இல்ல. பயம்.

— ஏங்க, சொந்த மச்சினி கொண்டு வந்த ஏற்பாட்டைக் கெடுக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? நான் தூக்கி வளத்த பொண்ணு அவ! கால் வீங்கி வந்தீங்களே, அந்தக் காலைத் தேய்ச்சேனே நான்!

— நிறுத்து. ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் எதைக் கெடுத்தேன்? பசங்க எல்லாரும் முதல் நாளே முணுமுணுத்தாங்க. இது என்ன பைத்தியக்காரத்தனம், கால் போகுது, வேலையும் பாதிதான் ஆகுது, போய்ச் சொல்லிடலாம்னாங்க. நான்தான் அடக்கினேன். "கொண்டு வந்தது என் மச்சினி. படிச்ச பொண்ணு. காரணம் இல்லாம செய்ய மாட்டா. எவனும் வாயைத் திறக்கக் கூடாது. அவ காட்டினபடியே செய்யுங்க, அவளுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது"ன்னு சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி நான் செஞ்சேன். பின்னாடி அவங்க செஞ்சாங்க. தூண்டிவிட்டதுன்னா அதுதான் தூண்டிவிட்டது. அதுக்கு என் பேரைக் குடுக்கணும்னா குடுத்துக்க.

— இருங்க. நான் காட்டினபடியா?

— நீ காட்டினபடிதான். ஒரு இம்மி மாத்தல.

— மாமா, பயிற்சி அன்னிக்கு நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஆலோசனைக் கம்பெனியில இருந்து அஞ்சு பேர் வரணும். ஒருத்தனும் வரல, வண்டி கிடைக்கலேன்னு டை கட்டின தம்பி போன்ல கதை சொன்னான். உங்க எல்லாரையும் கூட்டி வச்சுட்டு என்னால திருப்பி அனுப்ப முடியுமா? நானே ஒருத்தியா ஆறு மேசை வேலையையும் செஞ்சு காட்டினேன். நல்லாத்தானே காட்டினேன்? நீங்க எல்லாரும் கை தட்டினீங்களே!

— தட்டினோம். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன் நான். கையில கிரீஸ் படிய மெஷின் திறந்தியே, பெருமையா இருந்துச்சு.

— அப்புறம் ஏன் மாமா? அவ்வளவு பாத்துட்டு அப்புறம் ஏன் இந்த ஊர்வலம்?

— எந்த ஊர்வலம்?

— ஐயோ! நீங்க ஆளாளுக்கு ஒரு டிராலியைப் பிடிச்சுக்கிட்டு மெஷின் பின்னாடியே போறீங்களே அந்த ஊர்வலம்! ஒண்ணாவது மேசை, ரெண்டாவது மேசைன்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், கோயில்ல தேர் இழுக்கற மாதிரி! பெரியவர் கேமராவுல பாத்தது அதைத்தான். "இது வேலை இல்லம்மா, இது எனக்கு எதிரா நடத்தற எதிர்ப்பு ஊர்வலம்"னார். மேசைக்கு ஒரு ஆள் மாமா! ஆள் மேசையில இருக்கணும், உக்காந்துக்கிட்டு அந்த ஒரு வேலையை மட்டும் பாக்கணும். மெஷின்தான் நகரணும். மெஷின் மட்டும்!

— மெஷின் மட்டுமா?

— ஆமா!

— ஆள் கூடப் போகக் கூடாதா?

— கூடாது!

— அப்ப அந்த ஸ்டூல்...

— உக்கார்றதுக்குத்தான் மாமா!

— ஏங்க, ஏன் அப்படி அவளையே பாக்கறீங்க? முன்னாடி வண்டி நகருதுடி, பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க, எடு.

— எடுக்கறேன் அக்கா. முதல்ல இவர் சொல்லட்டும். அந்தப் பேர் எனக்கு இப்பவே வேணும். மெஷின் பின்னாடியே நடக்கணும்னு உங்க எல்லாருக்கும் கத்துக் குடுத்தது யாரு? அதை மட்டும் சொல்லுங்க, நாளைக்கு அந்த ஆளைப் பெரியவர் முன்னாடி நிறுத்திட்டு உங்களை எல்லாம் காப்பாத்திடறேன்.

— வண்டியை எடு, பாப்பா. மெதுவா எடு. எடுத்துக்கிட்டே கேளு. அன்னிக்குக் குதிகால் செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, முதல் மேசையில மூடியைத் திறந்து, அதே டிராலியைத் தள்ளிக்கிட்டே ரெண்டாவது மேசைக்குப் போயி, அங்க இருந்து மூணாவதுக்குப் போயி, ஆறாவது மேசை வரைக்கும் அந்த மெஷினை விடாம அது பின்னாடியே நடந்து காட்டினது யாரும்மா?